குப்பியில் இருப்பது ஏற்பியா? – ஒரு டேட்டாஷீட் விமர்சனம்

வெளியூரில் யாரிடமாவது "சொந்த ஊர் பழனிசெட்டிபட்டி" என்று சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "பழனிக்குப் பக்கத்துலயா?" இல்லைங்க. பழனி திண்டுக்கல் மாவட்டம். நாங்க தேனி, கம்பம் போற ரோடு, முல்லைப்பெரியாற்றுப் பக்கம். பெயரை மட்டும் நம்பி பஸ் ஏறினால் வேறு ஊரில் போய் இறங்க வேண்டியதுதான். இருபது வருஷமாக இதையே சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. போன மாதம் ஒரு புரதத்துக்கும் இதே சிக்கல் இருப்பது தெரிந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் வழக்கமான எச்சரிக்கை. நான் படித்தது பி.இ. பிழைப்பு மென்பொருள். உயிரியல் எனக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல்தான். தவறு இருந்தால் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன்.

அக்கா மகள் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி கடைசி வருஷம். ப்ராஜெக்டுக்காக ஒரு புரதம் வாங்க வேண்டும் என்று இரண்டு பக்க பி.டி.எஃப். ஒன்றை அனுப்பினாள். "மாமா, நீங்கதான் எதையும் வரி விடாம படிப்பீங்களே, இதை ஒரு தடவை பாருங்க. ஆர்டர் போட்டா திருப்பி எடுக்க மாட்டாங்களாம்." சில மைக்ரோகிராம் பவுடர், விலையோ அவள் ப்ராஜெக்டுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதிக்கு மேல். அதனால் உட்கார்ந்து நிஜமாகவே வரி விடாமல் படித்தேன்.

பொருளின் பெயர்: ரீகாம்பினன்ட் மனித ஹையலூரோனன் வழி நகர்வு ஏற்பி. ஜீனின் சுருக்கப் பெயர் எச்.எம்.எம்.ஆர். பழைய கட்டுரைகளில் இதை ஆங்கில எழுத்துகளைக் கூட்டி "ராம்" என்று எழுதுவார்கள். சி.டி.168 என்றும் ஒரு பெயர் உண்டு. கீழே பின்னணி என்று ஒரு பத்தி: செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பி, ஹையலூரோனனைப் பிடித்து செல்லை நகர வைக்கிறது, காயம் ஆறுவதிலும் புற்று பரவுவதிலும் பங்கு உண்டு. அதற்கும் கீழே, சின்ன எழுத்தில், ஒரு அட்டவணை.

இந்த டேட்டாஷீட்டை ஒரு எழுத்துப் பிரதியாக எடுத்து விமர்சிக்கலாம் என்று தோன்றியது. கதை, கவிதைக்கு விமர்சனம் எழுதுகிறோம். ஒரு மாணவியின் ஆறு மாத உழைப்பைத் தீர்மானிக்கிற இரண்டு பக்கத்துக்கு யாரும் எழுதுவதில்லையே.

பெயர் எங்கிருந்து வந்தது

ஹையலூரோனன் என்பது ஒரு நீளமான சர்க்கரைச் சங்கிலி. 1934-ல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டின் கண்ணுக்குள் இருக்கும் கூழிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். நம் தோலில், மூட்டுத் திரவத்தில், செல்களுக்கு இடையில் எல்லாம் இருக்கிறது. மூட்டு வலிக்குப் போடும் ஊசியிலும் முகத்துக்குப் பூசும் சீரத்திலும் இருப்பது இதேதான். செல்கள் நகரும் இடத்தில் இது அதிகமாக இருக்கிறது என்பதால், இதைப் பிடித்துக்கொள்ள செல்லில் ஏதோ ஒரு கை இருக்க வேண்டும் என்று தேடினார்கள். அப்படிக் கிடைத்த ஒரு கை சி.டி.44, 1990-ல் உறுதியானது. அது செல்லின் சுவரைத் துளைத்துக்கொண்டு நிற்கும் முறையான ஏற்பி. அதில் சர்ச்சை இல்லை.

இன்னொரு கை என்று 1992-ல் கனடாவில் ஈவா டர்லி குழுவினர் அறிவித்ததுதான் நம் புரதம். எலி செல்லிலிருந்து ஜீனைப் பிரதி எடுத்து, புற்றுச் செல்களின் நகர்வுக்கு இது வழி செய்கிறது என்றார்கள். பெயர் அன்றைக்கு வைத்தது: ஹையலூரோனன் வழி நகர்வு ஏற்பி. 1995-ல் இதை அதிகமாகச் சுரக்க வைத்தால் செல் புற்றுத் தன்மை அடைகிறது என்று 'செல்' இதழில் கட்டுரை வந்தது. பெயர் நிலைத்துவிட்டது.

பிறகுதான் பிரச்சினை. 1998-ல் ஜெர்மனியில் வேலை செய்த ஒரு குழு, முதலில் பிரதி எடுத்தது முழுப் புரதம் இல்லை, உண்மையான எலிப் புரதம் 95 கிலோடால்டன், அது செல்லுக்குள்ளே இருக்கிறது என்று எழுதியது. அதே வருஷம் 'செல்' இதழிலேயே "ராமில் உள்ள சிக்கல்கள்" என்கிற பாணியில் ஒரு கடிதம் வந்தது, அதற்கு டர்லியின் பதிலும் வந்தது. 1999-ல் இந்தப் புரதம் நுண்குழல்களோடு ஒட்டுகிறது என்று கண்டார்கள். நுண்குழல் என்பது செல்லுக்குள் ஓடும் தண்டவாளம். 2003-ல் எட்மன்டன் குழு ஒன்று, இது சென்ட்ரோசோமில் உட்கார்ந்து, செல் பிரியும்போது கதிர்கோல் இழைகளின் முனையைக் கலையாமல் பார்த்துக்கொள்கிறது என்று காட்டியது. 2017-ல் எலிக் கருவின் மூளை வளர்ச்சியில் கதிர்கோல் எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்பதிலும் இதற்குப் பங்கு உண்டு என்று வந்தது.

அதாவது வாசலில் நிற்கும் காவல்காரன் என்று பெயர் வைத்த ஆள், பெரும்பாலான நேரம் வீட்டுக்குள் விட்டத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறான்.

வரிசையைப் பார்த்தாலே சந்தேகம் வரும்

ஒரு புரதம் செல்லுக்கு வெளியே போக வேண்டும் என்றால் வழக்கமாக அதன் முன்பகுதியில் ஒரு முகவரிச் சீட்டு இருக்கும், சிக்னல் பெப்டைடு என்பார்கள். எச்.எம்.எம்.ஆரில் அது இல்லை. செல் சுவரைத் துளைத்து நிற்க, எண்ணெயோடு ஒத்துப்போகிற ஒரு பகுதி வேண்டும். அதுவும் இல்லை. இருப்பது என்ன? ஏறத்தாழ 725 அமினோ அமிலங்களில் பெரும்பகுதி கயிறு முறுக்கினது மாதிரி சுருள்மேல் சுருள்.

1963-ல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும் புரதத்தின் முதுகெலும்பு எந்தக் கோணங்களில் வளையலாம், எதில் வளையவே முடியாது என்று ஒரு வரைபடம் போட்டார்கள். இன்றைக்கும் உலகத்தில் எந்தப் புரத வடிவம் வெளிவந்தாலும் அந்த வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். அதில் சுருளுக்கு என்று ஒரு சின்ன மூலை உண்டு. எச்.எம்.எம்.ஆரின் பெரும்பகுதியை வைத்தால் அந்த மூலையில்தான் போய் விழ வேண்டும். நீளமான சுருள் கயிறுகள் செல்லுக்குள் சட்டகமாக, இணைப்பாக வேலை செய்யும் புரதங்களில் சகஜம்.

சரி, ஹையலூரோனனைப் பிடிக்கும் என்பதற்கு ஆதாரம்? 1994-ல் ஒரு வடிவத்தைக் கண்டார்கள். இரண்டு முனையிலும் ஆர்ஜினின் அல்லது லைசின். நடுவில் ஏழு அமினோ அமிலங்கள். அந்த ஏழில் அமிலத் தன்மை உள்ளது எதுவும் கூடாது, காரத் தன்மை உள்ளது ஒன்றாவது வேண்டும். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இது ஒரு ரெஜெக்ஸ்! லாக் ஃபைலில் தினமும் நான் தேடுகிற மாதிரி.

ரெஜெக்ஸ் என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "தற்செயலாக எத்தனை தடவை மாட்டும்?" கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மனிதப் புரதங்களில் ஆர்ஜினினும் லைசினும் சேர்ந்து சுமார் 11 சதவீதம். அமிலத் தன்மை உள்ள இரண்டும் சேர்ந்து சுமார் 12 சதவீதம். இரண்டு முனையும் பொருந்த 0.11-ஐ 0.11-ஆல் பெருக்க வேண்டும். நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். நடுவில் ஏழிலும் அமிலம் இல்லாமல் இருக்க 40 சதவீதத்துக்குச் சற்று மேல் வாய்ப்பு. அதில் ஒன்றாவது காரமாக இருக்க சுமார் 60 சதவீதம். எல்லாம் பெருக்கி, 725 நீளத்துக்கு ஓட்டினால் சராசரியாக இரண்டு இடத்தில் மாட்டும். சும்மா குலுக்கிப் போட்ட வரிசையிலேயே இரண்டு!

நியாயமாகச் சொல்ல வேண்டும்: அந்த 1994 கட்டுரை வெறும் வடிவத்தை மட்டும் காட்டி நிற்கவில்லை. அமினோ அமிலங்களை மாற்றிப் பார்த்து, பிடி விடுகிறதா என்றும் சோதித்தது. குறை அங்கே இல்லை. "இந்த வடிவம் இருக்கிறது, ஆகவே ஏற்பி" என்று மற்றவர்கள் சுருக்கிக்கொண்டதில்தான் இருக்கிறது. டேட்டாஷீட்டின் பின்னணிப் பத்தி அந்தச் சுருக்கத்தின் சுருக்கம்.

மறுபக்கம்

இதோடு நிறுத்தினால் "விஞ்ஞானிகள் ஏமாற்றிவிட்டார்கள்" என்று வாட்ஸப்பில் சுற்றுகிற ரகமாகிவிடும். அது உண்மை இல்லை.

2006-ல் இந்த ஜீன் இல்லாத எலிகளை வைத்துப் பார்த்தபோது தோல் காயம் ஆறுவதில் குறை இருந்தது. அவற்றின் செல்களில் சி.டி.44 வழியாக வரும் நகர்வுச் சைகை சரியாகப் போகவில்லை. ஆக, நகர்வோடு இதற்குச் சம்பந்தமே இல்லை என்று சொல்ல முடியாது. முகவரிச் சீட்டு இல்லாமலேயே வெளியே போகிற புரதங்களும் உண்டு. எஃப்.ஜி.எஃப்.2, இன்டர்லூகின்-1 பீட்டா இரண்டும் அப்படித்தான் போகின்றன. காயம் பட்ட இடத்திலும் சில புற்றுச் செல்களிலும் இந்தப் புரதம் வெளியே வந்து, சி.டி.44-க்குத் துணையாக நிற்கிறது என்பது டர்லி தரப்பின் வாதம். மென்பொருளில் ஒரே நூலகத்தை இரண்டு நிரல்கள் வேறு வேறு காரியத்துக்குக் கூப்பிடுவது மாதிரி, ஒரு புரதம் இரண்டு இடத்தில் இரண்டு வேலை பார்க்கலாம். அதில் அதிசயம் இல்லை.

என் குறை பெயரைப் பற்றியது. 1992-ல் அது ஒரு கருதுகோள். கருதுகோளையே பெயராக வைத்துவிட்டால் பிறகு அதைக் கேள்வி கேட்கும் கட்டுரைகூட அதே பெயரைத்தான் சொல்லியாக வேண்டும். எங்கள் தொழிலில் இதை நன்றாகவே அனுபவித்திருக்கிறோம். "தற்காலிக" என்று பெயர் வைத்த ஃபங்ஷன் பன்னிரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும். "சரிபார்" என்று பெயர் உள்ளது எதையும் சரிபார்க்காது. பெயரை மாற்றலாம் என்றால், இதைக் கூப்பிடும் இடம் ஆயிரம். யாரும் தொட மாட்டார்கள். புதிதாகச் சேர்ந்த பையன் பெயரை நம்பி ஒரு பிழையைக் கட்டுவான்.

இது ஒற்றைச் சம்பவமும் இல்லை. ஏ.எம்.எஃப்.ஆர். என்று இன்னொரு நகர்வு ஏற்பி. 2001-ல் பார்த்தால் அது எண்டோபிளாச வலைப்பின்னலில் உட்கார்ந்து, கெட்டுப்போன புரதங்களுக்கு "அழி" என்று முத்திரை குத்தும் யுபிக்விட்டின் லைகேஸ். அது பிடிப்பதாகச் சொன்ன நகர்வுக் காரணி, 1996-லேயே, சர்க்கரையை எரிக்கும் பாதையில் உள்ள சாதாரண நொதி என்று தெரிந்துவிட்டது. இரண்டுக்கும் பழைய பெயர் அப்படியே நிற்கிறது.

அட்டவணைக்கு வருவோம்

இனி அந்தச் சின்ன எழுத்து. தயாரித்த இடம்: ஈ.கோலை. வால்: ஆறு ஹிஸ்டிடின். தூய்மை: 90 சதவீதத்துக்கு மேல். எண்டோடாக்சின்: குறிப்பிடவில்லை. செயல்திறன்: சோதிக்கப்படவில்லை. கடைசியாக ஒரு வரி: அமினோ அமிலங்கள், ஒன்றிலிருந்து முந்நூற்றுச் சொச்சம் வரை.

அந்தக் கடைசி வரியில்தான் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முழுப் புரதம் 725. குப்பியில் இருப்பது முன்பாதி மட்டும். ஹையலூரோனனைப் பிடிக்கும் என்று சொல்லப்படுகிற பகுதி எங்கே? பின்முனையில், 630-ஐத் தாண்டி. அது குப்பியிலேயே இல்லை! முன்முனையில் இருப்பது நுண்குழலைப் பிடிக்கும் பகுதி. அதாவது, ஹையலூரோனன் ஏற்பி என்று பெயர் ஒட்டி விற்கிற குப்பிக்குள் ஹையலூரோனனைப் பிடிக்கும் கை கிடையாது.

அக்கா மகளின் திட்டம் இது. தட்டில் செல்களை ஒரு படலமாக வளர்க்க வேண்டும், பிப்பெட் முனையால் நடுவில் ஒரு கோடு கீற வேண்டும், இந்தப் புரதத்தை ஊற்ற வேண்டும், 24 மணி நேரத்தில் அந்தக் கீறல் எவ்வளவு மூடுகிறது என்று அளக்க வேண்டும். போனில் கூப்பிட்டேன்.

"ஏம்மா, ஏற்பியை வெளியில ஊத்தினா செல் வேகமா ஓடும்னு எதை வச்சு எதிர்பார்க்கிற? ஏற்பி செல்லுலதானே இருக்கணும்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப அது ஹையலூரோனனை உறிஞ்சிக்கிட்டு மெதுவாக்கணும், இல்ல மாமா?"

"அதுவும் பிடிக்கிற பகுதி இருந்தாத்தான். இதுல அது இல்ல."

"அப்ப வேகமானாலும் தப்பு, மெதுவானாலும் தப்பா?"

"தப்புன்னு இல்ல. எதனாலன்னு உன்னால சொல்ல முடியாது."

இதுதான் விஷயம். ஈ.கோலையில் செய்த புரதத்தில் அந்தப் பாக்டீரியாவின் சுவர்க் கொழுப்பு, அதாவது எண்டோடாக்சின், ஒட்டிக்கொண்டு வரும். ஹிஸ்டிடின் வாலை நிக்கலில் பிடித்துச் சுத்தம் செய்தாலும் அது முழுசாகப் போகாது. 90 சதவீதத் தூய்மை என்பது ஜெல்லில் நீலச் சாயம் போட்டுப் பார்த்த கணக்கு. அந்தச் சாயம் புரதத்தைக் காட்டும், எண்டோடாக்சினைக் காட்டாது. சில செல்கள் எண்டோடாக்சினுக்கே நகர்வை மாற்றிக்கொள்ளும். ஆக, கீறல் மூடும் வேகம் மாறியிருந்தால் அவள் அழகாக ஒரு வரைபடம் போட்டு, பின்னணிப் பத்தியை அறிமுகத்தில் எழுதி, "ஏற்பி நகர்வைத் தூண்டுகிறது" என்று முடித்திருப்பாள். அதைப் படித்து இன்னொரு மாணவி இன்னொரு குப்பி வாங்குவாள்.

டேட்டாஷீட் பொய் சொல்கிறதா?

ஒரு வரிகூடப் பொய் இல்லை, அதுதான் கொடுமை. அட்டவணை முழுக்க உண்மை. பின்னணிப் பத்தியும் ஏதோ ஒரு கட்டுரையில் இருந்து எடுத்ததுதான். ஆனால் பத்தி பேசுவது முழுப் புரதத்தைப் பற்றி, அதுவும் அதன் பாதிக் கதையை மட்டும். அட்டவணை பேசுவது குப்பியைப் பற்றி. இரண்டும் ஒரே தாளில் இருப்பதால் ஒன்றுதான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். முன்பாதித் துண்டுக்கு நியாயமான பயன் உண்டு. ஆன்டிபாடி உருவாக்க, வெஸ்டர்ன் பிளாட்டில் ஒப்பீட்டுக்கு வைக்க, அது போதும். "இதற்கு ஆகும், அதற்கு ஆகாது" என்று ஒரு வரி போட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

சின்ன கல்லூரிகளில்தான் இதன் அடி அதிகம் விழுகிறது என்பது என் எண்ணம். பெரிய நிறுவனத்தில் பக்கத்து மேசையில் யாராவது "அந்தத் துண்டு வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிடுவார்கள். குப்பி வீணானாலும் இன்னொன்று வாங்குவார்கள். இங்கே ஒரு குப்பி, ஒரு செமஸ்டர், ஒரு மாணவி. பக்கத்து மேசையில் இருப்பவளும் அதே பி.டி.எஃப்.-ஐத்தான் படித்துக்கொண்டிருப்பாள்.

அதனால் ரீகாம்பினன்ட் புரதம் வாங்குகிற யாருக்கும் நான் சொல்வது: தாளைக் கீழிருந்து மேலே படியுங்கள். முதலில் எந்த அமினோ அமிலத்திலிருந்து எது வரை என்று பாருங்கள். யூனிப்ராட் தளத்தில் அந்தப் புரதத்தைத் திறந்து, உங்களுக்குத் தேவையான பகுதி அதற்குள் வருகிறதா என்று பொருத்துங்கள். பத்து நிமிஷ வேலை, காசு கிடையாது. எதில் தயாரித்தது, எண்டோடாக்சின் அளவு என்ன, செயல்திறன் சோதித்தார்களா என்று எழுதிக் கேளுங்கள். பின்னணிப் பத்தியைக் கடைசியில் படியுங்கள். பெயரை எல்லாவற்றுக்கும் பிறகு.

அவள் நிறுவனத்துக்கு எழுதினாள். மூன்று நாளில் பணிவாகப் பதில் வந்தது: ஹையலூரோனனோடு ஒட்டுகிறதா என்று சோதித்ததில்லை, எண்டோடாக்சின் அளந்ததில்லை, ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும். கைடுக்கு முதலில் கோபம்தான். தலைப்பு ஏற்கெனவே பதிவாகிவிட்டதாம். பிறகு இருவரும் உட்கார்ந்து திட்டத்தை மாற்றினார்கள். புரதம் வாங்கவில்லை. வெளியிலிருந்து எதையும் ஊற்றாமல், கீறல் ஓரத்தில் இருக்கும் செல்களில் எச்.எம்.எம்.ஆர். உள்ளே இருக்கிறதா, மேற்பரப்பில் இருக்கிறதா என்று சாயமிட்டுப் பார்க்கப் போகிறார்கள். செல்லைத் துளையிட்டு ஒரு தட்டு, துளையிடாமல் ஒரு தட்டு. அதற்கு வாங்க வேண்டிய ஆன்டிபாடியின் டேட்டாஷீட் நேற்று ராத்திரி எனக்கு வந்தது. எந்தத் துண்டை வைத்து அந்த ஆன்டிபாடியை உருவாக்கினார்கள் என்பதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.